டெர்மினலில் திரையைத் துடைப்பது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில மாணவர்களுக்கு லினக்ஸும் சி மொழியும் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் இந்த ஊர், மீதிப் பேர் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். யார் புதிதாக வந்தாலும் முதல் மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, காலேஜ் லேப்ல கிளியர் ஸ்கிரீன் போட்டா ஓடுது, இங்க போட்டா எரர் வருது, ஏன்?"

கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டால், அடுத்த வாரம் திரை மின்னுகிறது என்று வருவார்கள், அதற்கடுத்த வாரம் ஃபைலுக்குள் ஏதோ குப்பை எழுத்து விழுகிறது என்று வருவார்கள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும் சிக்கல். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே செய்து பார்த்தபடி படியுங்கள்.

ஒரு ஏற்பாடு. கட்டளைகளின் பெயரை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'பெரிய' என்று சொல்லிவிடுவேன்.

விசைப்பலகையில் தொடங்கலாம்

லினக்ஸ் டெர்மினலில் ஐந்தாறு கட்டளை கொடுத்துத் திரையை நிரப்பிவிட்டு, கிளியர் என்று தட்டி என்டர் அடியுங்கள். திரை காலியாகி, கர்சர் மேல் இடது மூலைக்குப் போய்விடும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் இதற்குப் பெயர் சிஎல்எஸ், மூன்றே எழுத்து. பவர்ஷெல்லில் சிஎல்எஸ், கிளியர் இரண்டுமே வேலை செய்யும், இரண்டும் கிளியர்-ஹோஸ்ட் என்ற ஒரே கட்டளைக்கு வைத்த செல்லப் பெயர்கள்தான்.

இப்போது இதைவிட நல்ல வழி. ஏதாவது ஒரு நீளமான கட்டளையைப் பாதி தட்டிவிட்டு, என்டர் அடிக்காமல், கண்ட்ரோலை அழுத்தியபடி எல் தட்டுங்கள். திரை காலியாகும், ஆனால் பாதி தட்டியது அப்படியே மேல் வரிக்கு வந்து நிற்கும். கிளியர் கட்டளையால் இதைச் செய்ய முடியாது, அதைத் தட்டுவதற்கே உங்களுக்கு ஒரு காலி வரி வேண்டுமே. பாஷ் ஷெல்லில் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம் அது) மட்டுமில்லை, சி அல்லது பைத்தானின் சில ஊடாடும் கருவிகளிலும், டேட்டாபேஸ் கருவிகளிலும் கூட இந்தக் கண்ட்ரோல்-எல் வேலை செய்யும், ஏனென்றால் அவற்றில் பல ரீட்லைன் என்ற ஒரே நூலகத்தை வைத்துத்தான் நீங்கள் தட்டுவதை வாங்குகின்றன. விம் எடிட்டரிலும், ஃபைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸிலும் இதே கண்ட்ரோல்-எல்லுக்குப் பொருள் கொஞ்சம் மாறும்: திரையைத் துடைத்துவிட்டு, இருக்கவேண்டியதை மறுபடி வரை என்று பொருள். வேறொரு புரோகிராமின் செய்தி நடுவில் வந்து விழுந்து திரை கலைந்துவிட்டால் அதுதான் மருந்து.

மேக் வைத்திருப்பவர்களுக்கு அதன் டெர்மினலில் கமாண்ட்-கே என்று ஒன்று உண்டு. அது மேலே உருண்டுபோன பழைய வரிகளையும் சேர்த்து எடுத்துவிடும்.

துடைப்பது யார்?

இதுதான் முக்கியமான பகுதி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

உங்கள் புரோகிராம் திரையைத் தொடுவதே இல்லை. அது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் டெர்மினல் என்ற இன்னொரு புரோகிராம் உட்கார்ந்து, வரும் எழுத்துகளை வாங்கித் திரையில் வைக்கிறது. துடைக்க வேண்டுமானாலும் நீங்கள் துடைப்பதில்லை, "துடைத்துவிடு" என்று எழுத்துகளாகவே எழுதி அனுப்புகிறீர்கள், டெர்மினல் அதைப் புரிந்துகொண்டால் துடைக்கும், புரியாவிட்டால் அந்த எழுத்துகளையே திரையில் காட்டிவிட்டுப் போய்விடும்.

ஒரு காலத்தில் டெர்மினல் என்பது நிஜமாகவே தனியான ஒரு பெட்டி. திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள அந்தப் பெட்டி ஒரு கம்பி வழியாகத் தொலைவில் இருக்கும் பெரிய கணினியோடு பேசும். டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 அப்படிப்பட்ட ஒன்று: 24 வரி, வரிக்கு 80 எழுத்து. இன்றைக்கு நீங்கள் புதிதாக ஒரு டெர்மினல் ஜன்னலைத் திறந்தால் பெரும்பாலும் அதே 80க்கு 24 அளவில் திறக்கிறதே, அது அங்கிருந்து வந்த வழக்கம். அப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு சங்கேதம். டெக்கின் முந்தைய விடி52க்குப் புரிந்தது வேறு, விடி100க்குப் புரிந்தது வேறு. பிறகு 1979இல் ஆன்சி எக்ஸ்3.64 என்ற தரநிலை வந்தது, விடி100 அதன் வரைவை ஒட்டி முன்பே வந்துவிட்ட டெர்மினல், இன்று நாம் பயன்படுத்தும் ஜன்னல் டெர்மினல்கள் எல்லாம் அந்தப் பாஷையைத்தான் பேசுகின்றன.

அந்தப் பாஷையில் மூன்று சொல் கற்றுக்கொண்டால் போதும். எல்லாமே எஸ்கேப் என்ற எழுத்தில் தொடங்கும். அதன் எண் 27, எண்மத்தில் எழுதினால் 033, அதனால் சி, பைத்தான், பாஷ் எல்லாவற்றிலும் \033 என்று எழுதலாம். அதை ஒட்டி ஒரு சதுர அடைப்பின் திறப்பு, ஆக \033[ என்பது தொடக்கம். இதை ஒட்டி நடுவில் இடைவெளி விடாமல்,

பெரிய ஹெச் போட்டால் கர்சர் மேல் இடது மூலைக்குப் போகும். இதை ஹோம் குறி என்று சொல்லிக்கொள்வோம்.

2 போட்டுப் பெரிய ஜே போட்டால் திரை முழுக்கத் துடைக்கப்படும். இது துடைப்புக் குறி.

பெரிய கே போட்டால் கர்சர் நிற்கும் இடத்திலிருந்து அந்த வரியின் கடைசி வரை மட்டும் துடைக்கப்படும். இது வரிக் குறி.

இப்போது செய்து பாருங்கள். பாஷில் பிரிண்ட்எஃப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் துடைப்புக் குறியை மட்டும் எழுதி என்டர் அடியுங்கள். திரை காலியாகிவிடும், ஆனால் பிராம்ப்ட் மேலே போகாமல் எங்கே இருந்ததோ அதே உயரத்தில் நிற்கும். புதியவர்கள் பலர் இங்கேதான் திகைக்கிறார்கள். தரநிலைப்படி துடைப்பது வேறு வேலை, கர்சரை நகர்த்துவது வேறு வேலை. அதனால் ஹோம் குறியையும் துடைப்புக் குறியையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். பழைய டாஸில் ஆன்சி.சிஸ் என்ற இயக்கி துடைத்த கையோடு கர்சரையும் மூலைக்குக் கொண்டுபோய்விடும், அந்தக் காலப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்களுக்கு அதனால் ஹோம் குறி பழக்கமே இருக்காது.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சோதனை. கிளியர் என்று தட்டி, ஒரு நெடுங்கோட்டுக் குழாய்க் குறி போட்டு, அதன்பின் ஓடி என்ற கட்டளையை -சி என்ற விருப்பத்தோடு கொடுங்கள். கிளியர் அனுப்புவதை டெர்மினலுக்குப் போகவிடாமல் நடுவில் பிடித்து, எழுத்து எழுத்தாகக் காட்டச் சொல்கிறோம். இன்றைய பெரும்பாலான லினக்ஸ் டெர்மினல்களில் மொத்தம் 11 எழுத்துகள் தெரியும்: முதலில் ஹோம் குறி, பிறகு துடைப்புக் குறி, கடைசியில் துடைப்புக் குறி மாதிரியே ஆனால் 2க்குப் பதில் 3 உள்ள இன்னொன்று. அந்த 3 உள்ள குறி, மேலே உருண்டுபோய்ச் சேமிப்பில் இருக்கும் பழைய வரிகளை அழிக்கச் சொல்வது. அது வேண்டாம், திரை மட்டும் காலியானால் போதும் என்றால் கிளியரோடு -எக்ஸ் சேர்த்துத் தட்டுங்கள். நீளமான கம்பைல் பிழைகளை மேலே உருட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் கிளியர் அடித்து எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இந்த -எக்ஸின் அருமை தெரியும்.

கிளியருக்கு எந்தக் குறியை அனுப்புவது என்று எப்படித் தெரிகிறது? டெர்ம் என்ற சூழல் மாறியில் உங்கள் டெர்மினலின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை வைத்து டெர்ம்இன்ஃபோ என்ற பட்டியலில் தேடி எடுத்துக்கொள்கிறது. சில எடிட்டர்களுக்குள் இருக்கும் ஓட்டிப் பார்க்கும் பெட்டியில் கிளியர் கொடுத்தால் 'டெர்ம் அமைக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். அந்தப் பெட்டி உண்மையில் டெர்மினலே இல்லை, வரும் எழுத்தைக் காட்டும் ஒரு கட்டம். பைத்தானோடு வரும் ஐடில் ஜன்னலும் அப்படித்தான். பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் படிக்கும் பிள்ளைகள் ஐடிலில் வைத்துத் துடைக்கப் பார்த்துவிட்டு, தங்கள் புரோகிராமில்தான் தப்பு என்று மணிக்கணக்கில் தேடுகிறார்கள். தப்பு உங்களுடையது இல்லை. அதே ஃபைலை நிஜ டெர்மினலில் ஓட்டுங்கள், சரியாக வரும்.

லேப்பில் ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை

சரி, அந்த முதல் கேள்விக்கு வருவோம். நம் ஊர் கல்லூரிகளில் டர்போ சி என்ற டாஸ் காலத்துக் கம்பைலர் வெகுகாலம் ஆட்சி செய்தது, இன்றும் சில லேப்களில், பழைய டாஸ் கணினி மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது 16 பிட் காலத்துப் புரோகிராம், 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் தேவைப்படுகிறது. அதில் கோனியோ என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் கிளியர் ஸ்கிரீன் என்று நாம் வாயால் சொல்லும் சி-எல்-ஆர்-எஸ்-சி-ஆர் என்ற ஃபங்ஷன் கிடைக்கும். இது சி மொழியின் பகுதி இல்லை. போர்லாண்ட் நிறுவனம் தன் கம்பைலரோடு சேர்த்துக் கொடுத்த வசதி. இங்கே லினக்ஸில் நாம் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில் கோனியோவும் இல்லை, அந்த ஃபங்ஷனும் இல்லை.

லேப்பில் ஏன் எல்லாப் புரோகிராமின் தலையிலும் அதை எழுதச் சொன்னார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. டர்போ சியில் ஒருமுறை ஓட்டிய புரோகிராமின் வெளியீடு அந்த டாஸ் திரையிலேயே தங்கிவிடும், அடுத்தமுறை ஓட்டினால் பழைய விடைக்குக் கீழேயே புது விடை வரும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வோம். அதேபோல் கடைசியில், ஒரு விசை தட்டும்வரை காத்திருக்கும் கெட்ச் எழுதச் சொன்னதும், விடை கண்ணில் படுவதற்குள் எடிட்டர் திரும்ப வந்து மறைத்துவிடும் என்பதால்தான். மாறிகளை அறிவித்த பிறகே கிளியர் ஸ்கிரீன் எழுத வேண்டும் என்று அடித்துச் சொல்வார்களே, அதுவும் மூடநம்பிக்கை இல்லை: பழைய சி விதிப்படி ஒரு தொகுதிக்குள் அறிவிப்புகள் எல்லாம் முதலில், செயல் வரிகள் அதற்குப் பின். லினக்ஸ் டெர்மினலில் இந்த இரண்டு தேவையுமே இல்லை. அதனால் என் முதல் யோசனை, பழக்கத்துக்காக எழுதியதாக இருந்தால் இரண்டு வரிகளையும் கோனியோ வரியையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான லேப் புரோகிராம்கள் அதோடு ஓடிவிடும்.

புரோகிராமுக்குள்ளிருந்து துடைக்க

உண்மையிலேயே துடைக்க வேண்டும் என்றால் சியில் பிரிண்ட்எஃப்புக்குள் ஹோம் குறி, துடைப்புக் குறி இரண்டையும் எழுதுங்கள், அடுத்த வரியில் எஃப்ஃப்ளஷ் என்ற ஃபங்ஷனை எஸ்டிடிஅவுட்டுக்குக் கூப்பிடுங்கள். அந்த ஃப்ளஷ்ஷை மறக்கவே கூடாது. பிரிண்ட்எஃப் எழுதியது உடனே டெர்மினலுக்குப் போவதில்லை, புதுவரிக் குறி வரும்வரை இடையில் ஒரு தொட்டியில் தேங்கி நிற்கும். நம் குறிகளில் புதுவரி இல்லை, எனவே அவை தொட்டியிலேயே கிடக்கும், நீங்கள் நினைத்த நேரத்தில் திரை துடைக்கப்படாது, பிறகு எப்போதோ துடைக்கப்பட்டு, அப்போதுதான் எழுதிய நல்ல வரியையும் சேர்த்துக் கொண்டுபோகும். பைத்தானிலும் இதே கதை. பிரிண்டுக்குள் குறிகளை எழுதி, எண்ட் என்பதற்கு வெற்றுச் சரமும், ஃப்ளஷ் என்பதற்கு ட்ரூவும் கொடுங்கள்.

சிஸ்டம் ஃபங்ஷனைக் கூப்பிட்டு அதற்குள் கிளியர் என்று கொடுப்பது இன்னொரு வழி. இணையத்தில் பத்துப் பதிலில் எட்டு இதைத்தான் சொல்லும். பழகும்போது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது பாருங்கள்: ஒரு புது ஷெல் தொடங்குகிறது, அது கிளியர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது, அதை ஓட்டுகிறது, அது டெர்ம் மாறியைப் படித்துப் பட்டியலில் தேடி, கடைசியில் அந்த 11 எழுத்தை அனுப்புகிறது. நீங்களே அனுப்பியிருக்கலாம். ஒருமுறை என்றால் பரவாயில்லை, வினாடிக்குப் பத்து முறை துடைக்கும் புரோகிராமில் இது தெரியும். சிஸ்டத்தைக் கூப்பிடுவதற்கு முன்னும் ஃப்ளஷ் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

விண்டோஸில் கதை கொஞ்சம் வேறு. விண்டோஸ் 10க்கு முன் அங்கே கன்சோலுக்கு இந்தக் குறிகள் புரியாது, அதற்குப் பிறகும் பழைய கன்சோல் ஜன்னலில் புரோகிராம் கேட்டால்தான் புரிந்துகொள்ளும், கேட்காவிட்டால் இடது அம்புக்குறியும் சதுர அடைப்பும் 2ம் ஜேயும் திரையிலேயே வந்து நிற்கும். புதிய விண்டோஸ் டெர்மினல் ஜன்னலில் இந்தத் தொல்லை குறைவு. வீட்டில் விண்டோஸும் வகுப்பில் லினக்ஸும் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் பைத்தானில் ஓஎஸ் மாட்யூலின் நேம் மாறியைப் பாருங்கள். அதில் என்டி என்று இருந்தால் சிஸ்டத்துக்குச் சிஎல்எஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் கிளியர். தொடக்கத்துக்கு இது போதும்.

துடைப்பதற்கு முன் நிறுத்துங்கள்

சில வருடங்களுக்கு முன் முதுநகரில் வலையும் கயிறும் விற்கும் ஒரு கடைக்குச் சின்னதாக ஒரு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பொருள், எண்ணிக்கை, விலை எல்லாம் கேட்டு, மொத்தத்தைக் காட்டிவிட்டு, அடுத்த பில்லுக்காகத் திரையைத் துடைத்துவிடும். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, ஏனென்றால் நான் கொடுத்தது எனக்கே தெரிந்த எண்கள், விடை மனதிலேயே இருந்தது. கடையில் பெரியவர் உட்கார்ந்து முதல் பில்லைப் போட்டதும், மொத்தம் எவ்வளவு என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரை காலி. "தம்பி, கணக்கு எங்கப்பா போச்சு?" என்றார். வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், பெரியவர் கால்குலேட்டரை எடுத்து முதலிலிருந்து கூட்டினார். அந்த மனிதரின் அரை மணி நேரத்தை வீணாக்கியது என் ஒரு வரி. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

எனவே இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: பயனர் படிக்க வேண்டிய எதையும் அவர் அனுமதி இல்லாமல் துடைக்காதீர்கள். 'தொடர என்டர் அடிக்கவும்' என்று ஒரு வரி காட்டி, என்டர் வந்த பிறகு துடையுங்கள். பைத்தானில் அதற்கு ஒரு இன்புட் போதும். சியில் கெட்சார் போடும்போது கவனம், அதற்கு முன் ஸ்கேன்எஃப் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு அடித்த என்டரைப் பின்னால் விட்டுவிட்டுப் போயிருக்கும், கெட்சார் அந்தப் பழைய என்டரை வாங்கிக்கொண்டு நிற்காமல் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் எழுத்துகளைப் புதுவரிவரை ஒரு சுற்றில் படித்துத் தள்ளிவிட்டு, அப்புறம் காத்திருங்கள்.

இன்னொரு கேள்வியையும் எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இதன் வெளியீட்டை யாராவது ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? நம் குறிகள் எழுத்துகள்தானே, ஃபைலுக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிடும், பிரிண்ட் எடுத்தால் நடுவில் குப்பை. இஸ்எடிடிஒய் என்ற ஃபங்ஷன் சியிலும் உண்டு, பைத்தானில் எஸ்டிடிஅவுட்டிலும் உண்டு. அந்தப் பக்கம் இருப்பது டெர்மினல்தானா என்று அது சொல்லிவிடும். ஆம் என்றால் மட்டும் துடைப்புக் குறியை அனுப்புங்கள்.

முழுத் திரையையும் துடைக்க வேண்டிய அவசியம் அபூர்வம்

மீன்பிடித் துறைமுகத்தில் அன்றைய விலையைத் திரையில் காட்டும் ஒரு புரோகிராமை வகுப்பில் பயிற்சியாகக் கொடுப்பேன். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு விலை, சில வினாடிக்கு ஒருமுறை விலை மாறும். எல்லாரும் முதலில் எழுதுவது ஒரே மாதிரி: சுற்று தொடங்கும், திரையைத் துடைக்கும், எல்லா வரியையும் எழுதும், தூங்கும், மறுபடி துடைக்கும். ஓட்டினால் திரை கண் சிமிட்டுவது மாதிரி மின்னும். துடைத்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் திரை காலியாக இருக்கும் அந்தக் கணம் கண்ணில் படுகிறது, அதுதான் மின்னல்.

கரும்பலகையில் வஞ்சிரத்தின் விலை மாறினால் யாரும் பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைக்கமாட்டார்கள், அந்த எண்ணை மட்டும் விரலால் தேய்த்துவிட்டு எழுதுவார்கள். அதையே செய்யுங்கள். முதல்முறை மட்டும் முழுக்கத் துடையுங்கள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஹோம் குறியை மட்டும் அனுப்பிக் கர்சரை மேலே கொண்டுபோய், பழைய வரிகளின் மேலேயே புது வரிகளை எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும், புதுவரிக்கு முன், வரிக் குறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் முன்பு நீளமாக இருந்த வரியின் வால் ஒட்டிக்கொண்டு 950 என்று வரவேண்டிய இடத்தில் 9500 என்று காட்டும், விலைப் பலகையில் அது பெரிய பொய். கடைசி வரிக்குப் பின் \033[ போட்டு எண் இல்லாமல் வெறும் பெரிய ஜே போட்டால் கர்சருக்குக் கீழே உள்ளது மட்டும் போகும், முந்தைய சுற்றில் ஐந்து மீன், இந்தச் சுற்றில் நான்கு என்றால் மிச்ச வரி தங்காது. மின்னல் நின்றுவிடும். இதைப் பார்த்து முகம் மலராத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒற்றை வரி மட்டும் மாறினால் இவ்வளவும் வேண்டாம். \ போட்டுச் சிறிய ஆர் எழுதினால் கர்சர் அதே வரியின் தொடக்கத்துக்குப் போகும், அதன்மேல் எழுதுங்கள், வரிக் குறி போடுங்கள், ஃப்ளஷ் செய்யுங்கள். வேறொரு கட்டளையின் வெளியீட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றால் புரோகிராமே எழுத வேண்டாம், வாட்ச் என்று தட்டி அதன்பின் அந்தக் கட்டளையைக் கொடுங்கள், 2 வினாடிக்கு ஒருமுறை அதுவே ஓட்டிக் காட்டும்.

நிறம் பயன்படுத்துகிறவர்களுக்கு: பின்னணி நீலமாக இருக்கும்போது துடைத்தால் பல டெர்மினல்கள் திரை முழுவதையும் நீலமாக்கிவிடும். துடைப்பதற்கு முன் \033[0 போட்டுச் சிறிய எம் எழுதி நிறத்தை இயல்புக்குக் கொண்டுவாருங்கள்.

விம்மையோ லெஸ்ஸையோ மூடினால், திறப்பதற்கு முன் திரையில் இருந்தது அப்படியே திரும்பி வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? டெர்மினலிடம் மாற்றுத் திரை என்று இரண்டாவது ஒன்று உண்டு. \033[?1049 போட்டுச் சிறிய ஹெச் எழுதினால் அங்கே போகலாம், அதையே சிறிய எல்லோடு எழுதினால் திரும்பி வரலாம். விளையாட்டு, பட்டியல் மாதிரி முழுத் திரைப் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதைத்தான் பயன்படுத்த வேண்டும், அடுத்தவர் அதுவரை செய்துவைத்த வேலையைத் துடைக்க நமக்கு உரிமை கிடையாது. போனால் திரும்பி வரவும் வேண்டும்: பயனர் கண்ட்ரோல்-சி அடித்தாலும் திரும்பும் குறி போய்ச் சேரும்படி, பைத்தானில் ஃபைனலி தொகுதிக்குள் எழுதிவையுங்கள்.

இதற்கு மேல் போனால், முழுத் திரையையும் நமக்காகக் கையாளும் என்கர்சஸ் நூலகம் கற்றுக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். டெபியன், உபுண்டுவில் லிப்என்கர்சஸ்-டெவ் என்ற பொதியை நிறுவி, கம்பைல் செய்யும்போது -எல்என்கர்சஸ் சேர்க்க வேண்டும். அதில் கிளியர், இரேஸ் என்று இரண்டு ஃபங்ஷன் இருக்கும், புதியவர்கள் பெயரைப் பார்த்துக் கிளியரை எடுப்பார்கள். நீங்கள் இரேஸை எடுங்கள். என்கர்சஸ் பழைய திரையையும் புதிய திரையையும் ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும். கிளியர் சொன்னால் அந்த ஒப்பீட்டையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையும், மின்னல் திரும்பிவிடும். எதை அழைத்தாலும் ரிஃப்ரெஷ் சொல்லும்வரை திரையில் எதுவும் மாறாது.

திரை கெட்டுப்போனால்

ஒரு படக் கோப்பைத் தெரியாமல் கேட் கட்டளையால் திறந்துவிட்டீர்கள், திரை முழுக்கக் கட்டங்களும் கோடுகளும், தட்டும் எழுத்தும் கோடாக வருகிறது. பயப்படாதீர்கள், கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோப்பில் இருந்த சில பைட்டுகள் தற்செயலாகக் குறிகளாக அமைந்து டெர்மினலின் நிலையை மாற்றிவிட்டன. கிளியர் இதைச் சரிசெய்யாது. ரீசெட் என்று தட்டி என்டர் அடியுங்கள். தட்டுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தட்டுங்கள். என்டரும் வேலை செய்யவில்லை என்றால் கண்ட்ரோல்-ஜே, பிறகு ரீசெட், மறுபடி கண்ட்ரோல்-ஜே.

எதைத் தட்டினாலும் திரை அசையவே இல்லை என்றால் கண்ட்ரோல்-எஸ் பட்டிருக்கும், அது வெளியீட்டை நிறுத்தும் விசை. கண்ட்ரோல்-கியூ அடியுங்கள். விண்டோஸில் சேமிக்கும் பழக்கத்தில் கை தானாக அங்கே போய்விடுகிறது, என் வகுப்பில் வாரம் ஒருவருக்காவது நடக்கிறது.

துடைத்த பிறகும் இருப்பவை

கல்லூரி லேப்பிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை செய்கிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கண்ட்ரோல்-எல் அடித்துவிட்டு எழுந்து போனால், பல டெர்மினல்களில் அடுத்து உட்காருபவர் சக்கரத்தை மேலே உருட்டினாலே நீங்கள் செய்ததைப் பார்க்கலாம். ஒரே ஜன்னலுக்குள் பல டெர்மினல்களை நடத்தும் டிமக்ஸுக்குள் இருந்தால் அதற்கென்று தனிச் சேமிப்பு வேறு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் தட்டிய கட்டளைகளை ஷெல் தனியாக எழுதிவைத்துக்கொள்கிறது, திரையைத் துடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மேல் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள், எல்லாம் வரும். கட்டளையோடு சேர்த்துக் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் அதுவும் வரும்.

பாஷில் ஹிஸ்டரி -சி என்று கொடுத்தால் அந்த அமர்வின் பட்டியல் காலியாகும், உடனே ஹிஸ்டரி -டபிள்யூ கொடுத்தால் அந்தக் காலிப் பட்டியல் ஃபைலிலும் எழுதப்படும், அதில் இருந்த பழைய கட்டளைகள் எல்லாமே போய்விடும். உங்கள் சொந்தக் கணினியில் இதைச் செய்து நல்ல கட்டளைகளை இழந்துவிடாதீர்கள், பொதுக் கணினிக்கு மட்டும். அதன்பின் கிளியர், -எக்ஸ் இல்லாமல். பிறகு எக்ஸிட் கொடுத்து, ஜன்னல் மூடியதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.